பட்டியலில் இல்லாத மம்பட்டி

மலைப் பயணத்துக்கு யார் யார் என்று முடிவு செய்ய, எங்கள் ஜீப் குழுவை நடத்தும் டயர்க் கடை அண்ணன் ஓர் ஒத்திகை வைத்தார். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் ஒரு நாள், மூன்று வண்டிகள். ஒழுங்காகச் சாமான் கட்டத் தெரியாதவர்களுக்கு மலை கிடையாது. குழுவில் நான் ஒருத்திதான் பெண், கணக்கு டீச்சர். என்னைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்று இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தின நாள் மதியமே கே.கே. நகர் வீட்டு வாசலில் என் ஜீப்பில் சாமான் கட்ட உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் கேன்கள் அடியில், அசையாமல். இழுவைப் பட்டையும் கொக்கிகளும் மேலே. போன தடவை ஒருவர் பட்டையை அடியில் போட்டுவிட்டு, அதை எடுக்கச் சேற்றில் நின்றுகொண்டு பிரியாணி அண்டாவை இறக்கிய கூத்தைப் பார்த்தவள் நான். எல்லாம் முடிந்ததும் ஒரு மம்பட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன்.

காலையில் பசுமலையில் சோதனை. அண்ணன் பட்டியலோடு வந்து மம்பட்டியைப் பார்த்து நின்றார்.

"என்ன டீச்சர், வரப்பு வெட்டப் போறோமா?"

"இருக்கட்டும்ணே."

"லிஸ்ட்லயே இல்லயே. எங்கிட்ட மடக்கு ஷவல் ரெண்டு இருக்கு. எதுக்கு இம்புட்டு வெயிட்டு? எறக்கிருங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இறக்க முடியாது என்றேன். அவர் என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

முந்தின நாள் இரவு பெய்த மழையில் கரிசல் ஊறிக் கிடந்தது. முன்னால் போன அண்ணன் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. பின்னாலிருந்து இழுக்கப் போன ஜீப் நின்ற இடத்திலேயே வழுக்கியது. அண்ணன் வண்டியின் மூக்கில், கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் இருந்தது. அதன் கம்பியை மாட்டத்தான் எதுவும் இல்லை. மரம் என்று பார்த்தால் முழங்கால் உயரச் சீமைக்கருவேலம்.

"ஸ்டெப்னி டயரப் பொதச்சு, அதுல கம்பிய மாட்டுவோம்ணே" என்றேன்.

அவருக்கும் தெரிந்த வழிதான். ஆனால் மடக்கு ஷவலில் கரிசல் அப்பிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது. பத்துக் குத்தில் ஒன்று வளைந்தே போயிற்று. நான் சுடிதாரை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேடான இடமாகப் பார்த்து மம்பட்டியை இறக்கினேன். மேல்சேறு போனதும் கெட்டி மண் பாளம் பாளமாக வந்தது. மம்பட்டியை யாரும் கேட்டு வாங்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. தொடையளவு ஆழத்துக்குக் குழி. டயரை நிறுத்திக் கம்பியைக் கோத்து, மண்ணைத் தள்ளி மிதித்தோம்.

வின்ச் முனகியது. கம்பி விறைத்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது, பிறகு ஒரு முழம், பிறகு மொத்தமாக மேலே ஏறிவிட்டது. நான் கத்திய கத்தல் திருமங்கலம் வரை கேட்டிருக்கும். அம்புட்டு சந்தோஷம்.

அண்ணன் சேற்றுக் கையோடு வந்தார்.

"எங்க படிச்சீங்க டீச்சர் இந்த வெட்டு? யூடியூப்லயா?"

இரண்டு வருடமாக இந்தக் குழுவில் நான் வாய் திறக்காத விஷயம் அது.

"எங்க வீட்லண்ணே. மூணு தலைமுறையா ஊரான் காட்டுல கூலிக்கு வெட்டுனவங்க நாங்க. காலேஜ் லீவுல நானும் வெட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் பட்டியலை எடுத்து என் பெயருக்கு நேரே இருந்த கேள்விக்குறியை அடித்தார்.

"மலைக்கு மொத வண்டி உங்களுது டீச்சர். நாங்க பின்னாடி வாரோம்."

நான் நன்றி சொல்லவில்லை. "வாங்க" என்றேன்.