மலைப் பூவா, கடைப் பூவா

"எந்த நாட்டுக் கிகெரிச்சா வேணா இருக்கட்டும். பூவைக் காட்டுங்க, நம்ம மலைப் பூவா கடைப் பூவான்னு சொல்லிடுறேன். இதுல நான் ஒரு தடவை திணறினேன்னு இந்த ஜில்லாவுல எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்."

சார்ஷோம்யோ மலையின் தெற்குச் சரிவில், உறைபனி விலகாத புல்லில் குப்புறப் படுத்தபடி வெந்தெல் ஒரு சமயம் இதைப் பிரகடனம் செய்தார். கேட்டுக்கொண்டு நின்றவை, பூ பார்க்க வந்திருந்த சில ஜோடி பூட்ஸ்கள். ஜனவரி மாதத்தில் மனித முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. முகம் எதையும் மிதிப்பதில்லை, பூட்ஸ்தான் மிதிக்கும்.

ஹங்கேரி முழுவதற்கும் இந்த ஒரு சரிவில்தான் கிகெரிச் காட்டுப் பூவாகப் பூக்கிறது. மற்றப் பூக்களெல்லாம் வசந்தத்துக்காகக் கிழங்குக்குள் சுருண்டு கிடக்க, இது மட்டும் நடுக்குளிரில், விரல் உயரத்துக்கு, யாரும் கூப்பிடாமலே வெளியே வந்து நிற்கும். கிழங்கு முதல் விதை வரை விஷம். நம் செங்காந்தளுக்குத் தூரத்துச் சொந்தம். இதற்குக் காவலராக நியமித்த அரசாங்கம் வெந்தெலுக்கு ஒரு கைப்பட்டையும் விசிலும் கொடுத்தது. விசிலை அவர் ஊதியதே இல்லை. மொட்டு அதிர்ந்துவிடுமாம்.

புடாபெஸ்டிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் ஒரு பாவம் செய்வார்கள். "ஆகா, குரோக்கஸ்" என்று குங்குமப்பூ ஜாதியின் பெயரைச் சொல்வார்கள்.

"அம்மணி, கொஞ்சம் குனிஞ்சு பூவுக்குள்ள பாருங்க. மகரந்தத் தாள் எத்தனை?"

"ஆறு."

"குரோக்கஸுக்கு மூணு. வீட்டுக்காரரையும் இப்படித்தான் எண்ணிப் பார்க்காமலே கூப்பிடுவீங்களா?"

மதியம் பாறை மறைவில் உட்கார்ந்து, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பைப் பேனாக்கத்தியால் சீவி, பச்சை வெங்காயத்தோடு தின்பார். அதற்குப் பிறகு பூக்களிடம் எட்டத்திலிருந்தே பேசுவார். வெங்காய வாயோடு கிட்டே போவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

எதிரியை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர் வீட்டு முற்றத்தில் கடைப் பூக்களையும் வளர்க்கிறார். துருக்கி ஜாதி, கிரேக்க ஜாதி, குரோவேஷிய வெள்ளை, எல்லாம் ஹாலந்தில் பெருக்கி அட்டைப் பெட்டியில் வந்தவை. கல் பொடியும் மணலும் கலந்த தொட்டியில் வைத்து, இலை பழுத்ததும் கூரை விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுவார். கோடை முழுவதும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. "வெயில் காலத்துல அதுக்குத் தூக்கம். தூங்குறவன் வாயில தண்ணி ஊத்தினா என்ன ஆவான்?" குளிரில் அவையும் பூக்கும், கொத்துக் கொத்தாக, பெரிதாக. "கல்யாண பாண்டு மாதிரி வந்து நிக்குது பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் பனி கொட்டும் இரவுகளில் சாக்கு போட்டு மூடுவதும் அவர்தான்.

மலையின் மறுபக்கத்தைக் கல் குவாரி தின்றுகொண்டிருக்கிறது. தின்கிற பக்கத்தில் வேலை பார்த்தவர் லோரின்ஸ், வெந்தெலின் பால்ய சிநேகிதர். பகலில் ஒருவர் மலைக்கு வெடி வைப்பார், இன்னொருவர் மலைக்குக் காவல் இருப்பார். மாலையில் லோரின்ஸ் வீட்டுச் சமையலறையில் இருவரும் ஒரே புட்டியைக் காலி செய்வார்கள். பூவைப் பற்றி வெந்தெல் பிரசங்கம் செய்ய, லோரின்ஸ் பெரும்பாலும் குறட்டையால் பதில் சொல்வார்.

குவாரி விளிம்பில் பூனைத் திட்டு என்று ஒரு பாறைப் படி இருந்தது. ஆண்டின் முதல் கிகெரிச் அங்கேதான் எழும். அந்தத் திட்டுப் பூவுக்கு மட்டும் இதழின் முதுகில், நகத்தால் கீறியது போல ஓர் ஊதாக் கோடு. ஆனால் அலுவலக வரைபடத்தில் அந்தத் திட்டு பூ இருக்கும் பக்கத்தில் விழவில்லை. கல் இருக்கும் பக்கத்தில் விழுந்திருந்தது. மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு நாள் லோரின்ஸ் வந்தார்.

"டேய், திங்கக்கிழமை திட்டுக்கு வெடி வைக்கிறோம். கடப்பாரையோட வா, கிழங்கையெல்லாம் பெயர்த்து எடுத்துருவோம்."

"அனுமதி இல்லாமத் தொட்டாலே குத்தம்டா. மேலாபீசுக்கு எழுதியிருக்கேன்."

"பாறை பறந்தப்புறம் அனுமதியை வெச்சு என்ன பண்ணப் போறே? சுருட்டிப் பல்லு குத்துவியா?"

"சட்டம்னா சட்டம்தான்."

அனுமதி வரத்தான் செய்தது. முத்திரைகளோடு, கண்ணுக்கு லட்சணமாக, ஏப்ரலில் வந்தது. திட்டு அதற்குள் ஏதோ ஒரு நெடுஞ்சாலைக்கு அடியில் சல்லியாகப் படுத்திருந்தது. வெந்தெல் அந்தச் சமையலறைக்குப் போவதை நிறுத்தினார். லோரின்ஸும் கூப்பிடவில்லை. போன இலையுதிர் காலத்தில் லோரின்ஸ் இறந்தபோது, ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்க, வெந்தெல் மட்டும் வெளிச்சுவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதும் ஜனவரி தோறும் சரிவில் ஊர்ந்து, புல் ஈர்க்கால் ஒவ்வொரு பூவின் இதழையும் நிமிர்த்தி முதுகைப் பார்க்கிறார். எதைத் தேடுகிறார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஜனவரியில் மேலாபீசிலிருந்து ஷரோல்தா என்ற புது அதிகாரி காரில் வந்து இறங்கினார். லோரின்ஸின் மனைவி எடெல்காவின் ஜன்னலில் கிகெரிச் பூத்திருக்கிறது, மலையில் திருடியதாக இருக்கும் என்று யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். சரிபார்க்க வெந்தெலையும் அழைத்துப் போனார்.

"வா வெந்தெல்" என்றார் எடெல்கா. "மூணு வருஷமா இந்த வீட்டுப் படி உனக்குச் செங்குத்தா இருந்துச்சு. பூவுன்னதும் கால் வந்துருச்சு பாரு."

"உத்தியோகமா வந்திருக்கேன்."

"சாவுக்கு வரலை. உத்தியோகத்துக்காவது வந்தியே."

சமையலறை ஜன்னலில் மூன்று மண் தொட்டிகள். ஷரோல்தா பணிவாகவே சொன்னார்: "மலைப் பூன்னா தொட்டியை நாங்க எடுத்துட்டுப் போகணும், அபராதமும் உண்டு. கடைப் பூன்னா ஒண்ணுமில்லை. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. நீங்க சொல்றதுதான் முடிவு, ஐயா."

வெந்தெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இலை விளிம்பில் பூனை மயிர். மகரந்தப் பைகள் கருஊதா. தொட்டியில் குவாரியின் வெள்ளைச் சில்லு. சுண்டு விரலால் ஓர் இதழை நிமிர்த்தினார். முதுகில் ஊதாக் கோடு ஓடியது. அடுத்த தொட்டியிலும் ஓடியது. அதற்கடுத்ததிலும்.

"கோடையில தண்ணி காட்டாதே, செத்துரும்னு அவர் சொல்லிட்டே இருப்பாரு" என்றார் எடெல்கா, அடுப்புப் பக்கம் பார்த்தபடி. "யார் உங்களுக்குச் சொன்னதுன்னு கேட்டேன். ஒரு மடையன் சொன்னான்னாரு."

பறிமுதல் செய்த செடிகள் என்ன ஆகும் என்று வெந்தெலுக்குத் தெரியும். முன்பு ஒரு முறை பிடித்துக் கொடுத்த கிழங்குகளை மேலாபீஸ் தன் பசுமைக்குடிலில் வைத்து, ஜூலை முழுவதும் மிகுந்த பொறுப்போடு தண்ணீர் ஊற்றியது. ஆகஸ்டில் நாற்றம் தாங்காமல் கொட்டிவிட்டார்கள்.

அவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொள்ளாமல் பையில் போட்டார்.

"தெரியலை, அம்மணி."

"உங்களுக்கா?"

"கொஞ்ச நாளாவே பார்வை மங்கிட்டு வருது. மலையா கடையான்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

ஷரோல்தா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பரவாயில்லை ஐயா. உங்களுக்கே தெரியாத பூவுக்கு நான் எப்படி வழக்குப் போடுறது? ஆனா... அடுத்த வருஷம் மலைக்கு வேற ஆள் பார்க்கணும் போல."

"பார்க்கணும்" என்றார் வெந்தெல்.

எடெல்கா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எத்தனையோ மாலைகளில், கையில் புட்டியோடு, முதுகாலேயே தள்ளித் திறந்த கதவு அது. வெந்தெல் அதன் தாழ்ப்பாளைத் தடவித் தேடினார். சுவரைத் தொட்டார், நிலையைத் தொட்டார். ஷரோல்தா ஓடி வந்து திறந்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பிடியை விலக்காமல், காலால் படியைத் துழாவித் துழாவி இறங்கினார்.