லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பக்கம் நெல்லோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ அளந்தால் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள்; லாபம் என்பார்கள். நான் ஒன்று என்றுதான் தொடங்குவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அப்படித் தொடங்கியதிலிருந்து என் எண்ணிக்கையில் ஒருவரும் குற்றம் கண்டதில்லை.

தொண்ணூறுக்கு முந்தின வருஷம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தண்ணீர் டாங்கி கட்டினார்கள். தாய்மாமன் மேஸ்திரி. அம்மா கலவை சுமந்தாள். ஒருநாள் மாமா ஓரமாக உட்கார்ந்து, சிமெண்டை அள்ளி அள்ளிப் போட்டுத் தனியாகக் கொஞ்சம் குழைத்தார்.

"இன்னாண்ணா, இவ்ளோ ஜாஸ்தி?" என்றாள் அம்மா.

"இது டாங்கிக்கு இல்ல. டெஸ்டுக்கு. காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப டாங்கிக்கு?"

"உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? போ, சட்டியத் தூக்கு."

அம்மா போய்விட்டாள். மாமா என் கையில் கம்பியைக் கொடுத்தார். அந்தக் கலவையால் சதுர இரும்பு அச்சை மூன்று தடவையாக நிரப்பவேண்டும். தடவைக்கு முப்பத்தைந்து குத்து. லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக் குத்தினேன்.

ஒரு மாதம் தண்ணீரில் ஊறிய கட்டியைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸேறித் திருவண்ணாமலைக்குப் போனோம். அது பாரம் தாங்காவிட்டால் டாங்கியை இடிக்கச் சொல்வார்களாம். ஊரில் யாருக்கும் வேலை இருக்காதாம்.

டெஸ்ட் பண்ணும் ஆபீசில் ஒரு மிஷின். இரண்டு இரும்புத் தூண்கள். உச்சியில் அசையாத தடித்த தகடு, கீழே எழும்பி வரும் தகடு. நடுவில் என் கட்டி. பக்கத்துப் பெட்டியில் ஒருவர் கைப்பிடியை ஆட்ட ஆட்ட, அதிலிருந்த எண்ணெய் குழாய் வழியாகப் போய்க் கீழ்த்தகட்டை மேலே தள்ளியது. கடிகாரம் மாதிரி ஒரு வட்டத்தில் கறுப்பு முள்ளும் சிவப்பு முள்ளும் சேர்ந்தே ஏறின. சத்தமே இல்லை. மாமாவின் கழுத்தில் வேர்வை வழிந்தது. வெகுநேரம் கழித்துக் கட்டி பட்டென்று வெடித்தது. கறுப்பு முள் கீழே விழுந்தது. சிவப்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"செவப்பு பொய் சொல்லாது, பாப்பா. எவ்ளோ தாங்குச்சோ அங்கயே நிக்கும்," என்றார் ஆபீசர். "நல்லாவே தாங்கிச்சு மேஸ்திரி."

"நான்தான் சார் குத்துனன்! லாபம், ரெண்டுன்னு எண்ணி!"

"லாபமா?" அவர் சிரித்தார். "ஒண்ணுன்னு எண்ணவே இல்லியா? அப்ப முப்பத்தஞ்சுல ஒண்ணு கம்மியாச்சே!"

மாமா என் தொடையைக் கிள்ளினார். "வாய மூடிக்கினு வாடி." திரும்பும் வழியில் கோபுர வாசலில் கற்பூரம் ஏற்றினார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

டாங்கியில் முதல் தண்ணீர் ஏற்றிய அன்று, அம்மா அதன் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். பாதி நிறைவதற்குள் ஒரு தூண் மடங்கியது. தூக்குச்சட்டி மட்டும் முழுசாகக் கிடைத்தது.

"நான்தாண்டி உன்னக் கொன்னுட்டன்," என்று மாமா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். என் பழியை அவர் ஏன் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். குத்தியது நான். தடவைக்கு ஒன்றாக மூன்று குத்தை விட்டவளும் நான்.

காரியம் முடிந்த அன்று அந்தக் கம்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த தூணுக்குப் போனேன். பாக்கி மூன்றையும் குத்தினேன். ஒன்று என்று வாய்விட்டுச் சொன்னேன். முதல் குத்துக்கே தூண் மணலாகப் பொலபொலவென்று உதிர்ந்தது.

எனக்கு அவ்வளவு பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.