ஏழாம் நம்பர் மனு

மன்ஹாட்டன்ல ஒரு பெரிய செய்திக் கம்பெனி வாசல்லதான் என் காபி வண்டி நிக்குது. அந்தக் கட்டடத்த அண்ணாந்து பாத்து முடிக்கிறதுக்குள்ள காபி ஆறிப்போயிடும், அம்புட்டு ஒசரம். உள்ள வாண்டான்னு ஒரு போலந்துக்காரப் பொண்ணு ஒம்பது வருஷமா சாஃப்ட்வேர் எழுதுது. தேர்தல் அன்னிக்கு ஊரே போனத் தேச்சுத் தேச்சு ஓட்டு எண்ணிக்கை பாக்குமே, அந்த இணையப் பக்கம் இவ கைவேலைதான்.

ஒரு நாள் காலைல செவந்த மூஞ்சியோட வந்து செல்போன நீட்டுனா. "நஸ்ரத் அண்ணே, இதப் பாருங்க."

கம்பெனியோட ஆளெடுப்பு விளம்பரம். அச்சு அசல் இவ பாக்குற அதே வேலை. இந்த ஊரு சட்டப்படி விளம்பரத்துல சம்பளத்தப் போட்டே ஆகணுமே, போட்டிருந்தான்: ஒரு லட்சத்து எம்பதாயிரம் டாலர் வரைக்கும்.

"உனக்கு?"

"ஒரு லட்சத்து இருபது."

"அடிப்பாவி! வாயில என்ன கொழுக்கட்டையா? போய்க் கேளு!"

"கேட்டு, வெளிய தள்ளிட்டா? போன மாசம் பதினோரு பேரு அட்டைப்பெட்டியோட எறங்குனாங்களே, நீங்கதான ஓசிக் காபி குடுத்தீங்க? எம்புள்ள ஆஸ்துமா மருந்து கம்பெனி இன்சூரன்ஸ்லதான் ஓடுது."

வாயத் தொறந்து கேக்கல. அந்த வேலைக்கு அவளே மனு போட்டுட்டா!

அங்க ஒரு வழக்கம். வேண்டியவன் வேண்டாதவன் பாக்கக்கூடாதுன்னு பேரு, வேல பாத்த எடம் எல்லாத்தையும் மறைச்சு, நம்பர் மட்டும் போட்டுத்தான் மேனேஜர்கிட்ட மனுவக் குடுப்பாங்க. மறுவாரம் அவ மேனேஜர் ட்ரெவர் காபிக்கு வந்தாரு.

"ஏழாம் நம்பர் தங்கம்யா! ஒரு லட்சத்து எம்பதே குடுக்கலாம்னு மேலிடத்துல எழுதிக் குடுத்துட்டேன். வியாழக்கெழம பத்து மணிக்கு இன்டர்வியூவுக்கு வருது. வாண்டாவத்தான் கேள்வி கேக்கச் சொல்லிருக்கேன்."

ஏழு யாருன்னு எனக்குத் தெரியுமே. பதட்டத்துல யாரோ ஒருத்தர் காபில உப்பப் போட்டுட்டேன். பாவம், அவரு குடிச்சுட்டு நன்றி வேற சொல்லிட்டுப் போறாரு.

வியாழக்கெழம பத்தாச்சு, பத்தரையாச்சு, பதினொண்ணாச்சு. கதவு தொறந்தப்பல்லாம் கையத்தான் பாத்தேன், பெட்டி இருக்கான்னு. கடைசியா வாண்டா வந்தா. வெறுங்கை.

"என்னம்மா ஆச்சு?"

"ட்ரெவர் கடிகாரத்தப் பாத்து, 'எங்க அந்த ஆளு? மொத நாளே லேட்டா?'ன்னாரு. நான் எந்திரிச்சு மேசையச் சுத்திப் போயி எதுத்த நாற்காலில ஒக்காந்தேன். 'நாந்தான் ஏழு.'"

"ஐயோ!"

"'இது ஏமாத்து வேலை!'ன்னு கத்துனாரு. 'ஆளு அதே ஆளுதான். பேரு தெரிஞ்சதும் அறுவதாயிரம் கொறஞ்சிடுமா?'ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்த ஆளெடுப்பு அம்மா அவரு எழுதிக் குடுத்த தாள எடுத்து அவரு முன்னாடியே வச்சாங்க. அம்பது நிமிஷம் யார் யாருக்கோ போன் பண்ணாங்கண்ணே. செத்தே போயிட்டேன்."

"முடிவு?"

"ஒரு லட்சத்து எம்பது. கையெழுத்தாயிடுச்சு."

பெட்டியில்லாம வந்தவளுக்கும் ஓசிக் காபிதான் குடுத்தேன்.

பின்னாடியே ட்ரெவர் வந்து வரிசைல நின்னாரு. மொகம் பீட்ரூட்டு.

"என்னங்க, ஏழு யாருன்னு தெரிஞ்சுதா?"

"பேசாம காபியப் போடுய்யா," ன்னாரு. "உள்ள வேல பாக்குறவனுங்க இன்னும் நாலு பேரு அவனவன் வேலைக்கே மனு போட்டுட்டானுங்க."