சிங்கத்தைப் பார்த்துப் பயந்து அண்ணனைக் கூப்பிட்டேன்

போன வருஷம் ஐப்பசி மழையில், புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது இது. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து சோபா, குஷன் தைக்கும் கடை வைத்திருக்கிறார்கள். அளவெடுத்து வெட்டுவது தம்பி, தைப்பது இவர். ரெக்சினைத் தப்பாக வெட்டிவிட்டார் என்று ஆரம்பித்த சண்டை, கடையையே பிரிக்கிற வரைக்கும் போய்விட்டது. இருபது நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. தனித்தனியாகப் போனால் இரண்டு பேருமே தேற மாட்டார்கள். எனக்கு அதுதான் கவலை.

ஆனால் சாப்பிடும்போது மட்டும் ஒன்றாக உட்கார்ந்து டிவியில் மிருகங்கள் சானல் வைத்துச் சிங்கம் பார்ப்பார்கள். என்ன கூத்தோ! அன்று இரண்டு ஆண் சிங்கங்கள், அடித்துப்போட்ட எருமைக்காக ஒன்றையொன்று குதறிக்கொண்டிருந்தன. மூஞ்சியெல்லாம் ரத்தம்.

"ஐயோ, இன்னா இதுங்க இப்படி அடிச்சிக்குது?" என்றேன்.

"ரெண்டும் அண்ணன் தம்பி, அண்ணி" என்றார் கொழுந்தனார், சோற்றைப் பிசைந்தபடியே. "கறின்னா இப்படித்தான் கடிச்சிக்கும். வெளி சிங்கம் உள்ள வந்தா பாருங்க, ஒண்ணா சேர்ந்து தொரத்தும்."

பின்னால் சொன்னது என் காதிலேயே ஏறவில்லை. அண்ணன் தம்பி என்றதுமே என் கண் இவர்கள் இரண்டு பேர் மேல்தான் போனது. இவர்கள் கையிலும் கத்தரிக்கோல் இருக்கிறதே! மறுநாளே வில்லியனூர் பக்கம் இருக்கும் என் அண்ணனுக்கு போன் போட்டு அழுதேன். பெண் கொடுத்த வீட்டு மூத்தவர் வந்து நியாயம் பேசினால் எங்கள் பக்கத்தில் அவர் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மழையில் நனைந்துகொண்டே வந்தார். நான் உள்ளே போய் டீ போட்டு, தட்டோடு கூடத்துக்கு வந்தேன். "பெரியவருக்கு அடங்கி நடக்கத் தெரியாதாப்பா உனக்கு?" என்று கொழுந்தனாரைச் சத்தம் போட்டார் அண்ணன். என் கணவருக்காகத்தான் பேசினார். ஆனால் விருட்டென்று எழுந்தது என் கணவர்தான்.

"மச்சான், என் தம்பிய நான் கேப்பேன். நீங்க யாரு கேக்கறதுக்கு?"

கொழுந்தனாரும் வந்து என் கணவரின் தோளோடு ஒட்டி நின்றார். "இது எங்க ஊட்டு விஷயம். நீங்க கெளம்புங்க."

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். டீயைத் தொடாமல் ஈரச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்பவில்லை, "டேய், அந்த மூணு சீட்டு சோபா என்னாச்சு?" என்று கேட்டார் என் கணவர். அண்ணனுக்குப் போட்ட டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே பதில் சொன்னார் கொழுந்தனார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

கடை பிரியவில்லை. போன் செய்தால், "ஒண்ணாத்தான இருக்காங்க? அது போதும்மா" என்கிறார் அண்ணன். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா என்றே புரியவில்லை. டீ தட்டோடு நடுவில் நின்ற என்னை, நீ யார் பக்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.