குற்றாலத்துச் சாரலில் பேஸ் ஊதியவன்

1. நெஞ்சு அகலம்

தென்காசியில் எங்கள் பேண்டு செட்டில் நான் சேர்ந்ததற்கு என் சங்கீத ஞானம் காரணமில்லை. பேண்டு மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெஞ்சு அகலமா இருக்கு. பேஸைத் தூக்கி மாட்டுலே" என்றார். அவ்வளவுதான்.

பேஸ் என்பது உடம்பைச் சுற்றி வளைந்து தோளில் உட்காரும் பெரிய பித்தளைக் குழல். பாட்டை எடுத்துப் போவது கார்னெட் என்கிற சின்னக் குழல். பேஸுக்கு, அந்தப் பாட்டின் அடியில் நின்று 'பூம் பூம்' என்று தாங்குகிற வேலை. கல்யாண வீட்டில் எவனும் பேஸ்காரனைப் பார்ப்பதில்லை. ஆனால் அவன் நிறுத்தினால் மற்றவர்களுக்குக் கால் தடுமாறும்.

ஆலங்குளத்தில் கல்யாணம், கடையத்தில் கோயில் கொடை, மாதா கோயில் சப்பரம் என்று எல்லாவற்றுக்கும் ஊதினோம். டெண்டு கொட்டகையில் ஊமைப்படம் ஓடும்போது குதிரை வந்தால் வேகமாகவும் கதாநாயகி அழுதால் மெதுவாகவும் ஊதினோம். பேசும்படம் வந்ததும் கொட்டகைக்காரர் எங்களை அனுப்பிவிட்டார். அதன்பிறகு குற்றாலம் சீசன்தான் எங்களுக்குச் சோறு.

2. டிரம்முக்குக் கூரை

குற்றாலத்தில் ஒரு பெரிய வக்கீல் சீசனுக்குப் பங்களா எடுத்திருந்தார். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அங்கே டீ பார்ட்டி. மாஸ்டர் போக எட்டுப் பேரும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றோம். இரண்டு பாட்டு முடியவில்லை, சாரல் பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் தாழ்வாரத்துக்கு ஏறிவிட்டார்கள்.

வக்கீலின் காரியஸ்தர் படியில் நின்று கத்தினார். "டிரம்மை மட்டும் மேல ஏத்துங்க. தோல் நனைஞ்சா சத்தம் வராது."

"எங்களையும் ஏத்துங்க அண்ணாச்சி. ஓரமா நிக்கோம்" என்றேன்.

"சகதிக் காலோட தொரைமாரு பக்கத்துலயா? பித்தளைக்கு என்ன வே? தொடச்சா சரியாப் போச்சு. ஊதும்."

பித்தளையைத்தான் சொன்னார். அதைப் பிடித்திருந்த ஆட்கள் அவர் கண்ணில் படவே இல்லை. மாஸ்டரைப் பார்த்தேன். "வாயை மூடிட்டு ஊதுலே" என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டு எப்படி ஊதுவது?

என் பக்கத்தில் கார்னெட் மாசிலாமணி. என் வயதுக்காரன். மலைக்காய்ச்சலில் படுத்து எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சட்டை உடம்போடு ஒட்டி, உதடு நீலமாக நின்றான். பாட்டுக்கு நடுவில் என் காதருகே குனிந்தான்.

"ஏலே, எனக்கு மூச்சு வாங்குது. உன் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்."

"நீ போய் மரத்தடியில உக்காரு."

"கார்னெட் இல்லாம என்னத்தை ஊதுவீங்க? வேலை போயிரும்லே."

பொழுது சாயும்வரை ஊதினோம். தாழ்வாரத்தில் பீங்கான் கோப்பைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மாசிலாமணியை வண்டியில் படுக்கவைத்துத்தான் தென்காசிக்குக் கொண்டுவந்தோம். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆடி முடிவதற்குள் அவனைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம்.

அவன் மனைவி ரெஜினா அழுதுகொண்டே ஒன்றுதான் கேட்டாள். "அங்கன ஒரு கூரைகூடவா இல்ல?"

இருந்தது என்று எப்படிச் சொல்வேன்?

3. தாழ்வாரம்

அவனைப் புதைத்த அடுத்த வாரமே அதே பங்களாவில் இன்னொரு பார்ட்டி. மாஸ்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். செங்கோட்டையிலிருந்து புதிதாக ஒரு கார்னெட்காரனையும் பிடித்துவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் போனேன்.

சாரல் விழுந்தது. டிரம்மோடு அதை அடிக்கிறவனும் மேலே போனான். நானும் பேஸோடு அதன் பின்னாலேயே ஏறித் தாழ்வாரத்தில் நின்றேன்.

"ஏலே, என்னலே பண்ணுத? எறங்குலே!" என்று மாஸ்டர் கீழேயிருந்து கத்தினார்.

வக்கீலே எழுந்து வந்தார். "யார் இவன்?"

"போன பார்ட்டியில இந்த முத்தத்துல நனைஞ்சு செத்தவனோட கூட்டாளி. அவன் பேரு மாசிலாமணி. கார்னெட் ஊதுனவன்."

வக்கீல் காரியஸ்தரைப் பார்த்தார். "ஏதாவது கொடுத்து அனுப்பும்."

"ஒண்ணும் வேண்டாம். கீழ நிக்கவங்க எல்லாரும் மேல வரட்டும். இங்கன நின்னு ஊதுதோம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒருவனாவது படியில் கால் வைப்பான் என்று நினைத்தேன். ஆறு பேரும் மழையில் தலைகுனிந்து நின்றார்கள். புதிய கார்னெட்காரனைத் தவிர மற்றவர்கள் மாசிலாமணியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள். மாஸ்டர் விறுவிறுவென்று ஏறி வந்து என் தோளிலிருந்து பேஸைக் கழற்றினார். அது அவருடைய சொத்து. கொடுத்துவிட்டேன். குற்றாலத்திலிருந்து தென்காசிவரை நனைந்துகொண்டே நடந்தேன். வழியெல்லாம் அந்த வக்கீலைவிட அந்த ஆறு பேரைத்தான் அதிகம் திட்டினேன்.

4. பலகை

பிறகு ஒரு நாடகக் கம்பெனி. அங்கே ஆள் உயரப் பிடில் ஒன்று இருந்தது, டபுள் பேஸ் என்பார்கள். அதை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். யுத்த காலத்தில் ஒருநாள் அச்சன்புதூரில் கொட்டகை. மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர்.

இந்த முறை நான் தனியாகப் போய் நிற்கவில்லை. முதலில் மற்ற நால்வரிடமும் பேசினேன். மாசிலாமணி கதையைச் சொன்னேன். ஆர்மோனியக்காரர்தான் முதலில் தலையாட்டினார். ஐந்து பேரும் வெளியிலேயே நின்றோம்.

முதலாளி ஓடிவந்தார். "ஜனம் வந்தாச்சு வே! எறங்குங்க!"

"தண்ணியில எறங்க மாட்டோம் மொதலாளி" என்றார் ஆர்மோனியக்காரர்.

"ஒரு நாளைக்கு நனைஞ்சா செத்தா போவீங்க?"

"செத்திருக்கான்" என்றேன்.

அவர் எங்கள் ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டிக்கொண்டே ஆட்களைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் பள்ளத்தின்மேல் பலகை விழுந்தது. நாடகம் தாமதமாகத்தான் தொடங்கியது. ஒருவருக்கும் வேலை போகவில்லை.

வேலைக்கு வரும் இளவட்டங்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கே நிற்கப் போகிறோம் என்பதைப் போகும் முன்பே கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள். வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. பலகை போட அரை மணி நேரம் ஆனது. குற்றாலத்தில் கூரை தயாராகவே இருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து அந்தப் படியில் ஏற அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.