லிடியா சொல்லாத முடிவு

நாவடக்கம் என்பது பேசாதிருத்தல் அன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததை, அது நுனிநாக்கில் வந்து நின்றாலும், உள்ளேயே வைத்துக்கொள்வது. பழம்பாடல்களில் இந்த அறத்தை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். வாழ்க்கையில் அதை உடையவராக நான் கண்டது ஒருவரைத்தான். அவர் பெயர் லிடியா. மேற்குத் தில்லியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். வயது நாற்பத்தாறு. கணவர் எபினேசர் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியர். மகள் ஜெனி கல்லூரியில் படிக்கிறாள். ஜனக்புரியில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பல நாள் தயங்கினேன். சென்ற தீபாவளிக் காலத்தில் நான் அவர்மேல் கொண்ட பொறாமை ஓர் உயிரைப் பறித்திருக்கும். அந்தப் பொறாமை இன்றும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

எங்கள் பிரிவில் எட்டு நாற்காலிகள். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும், நாளுக்கு நான்கு மணி நேரம், இடக்கையில் இரண்டு ஊசிகளோடு அமர்ந்திருக்க வேண்டும். ஐந்தாவது நாற்காலி என்னுடையது. ஆறாவது, கரோல் பாகில் மகன் வீட்டில் இருக்கும் தட்சிணாமூர்த்தியுடையது. மத்திய அமைச்சகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஈராண்டுகளாக, வரும் நாள்தோறும் அவருக்கு ஒரு பதிகம் பாடிப் பொருள் சொல்லி வந்தேன். என்னைப் "புலவரே" என்று கேலியாக அழைப்பார், ஆனால் கேட்பார். எனக்கு வாய்த்த ஒரே கேட்போர் அவர்.

மழைக்காலத்தில் ஒருநாள், "தீபாவளி வரைக்கும் வரேன் புலவரே. அதுக்கப்புறம் போதும்," என்றார்.

"என்ன போதும்?"

"இந்த ஊசி, இந்த நாற்காலி, எல்லாம்தான்."

வருவதை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரங்களுக்குமேல் தாங்காது என்பது எங்கள் பிரிவில் எல்லாரும் அறிந்தது. மானிடப் பிறவியின் அருமையைப் பாடும் பதிகங்களாகத் தேடி எடுத்து அடுத்த இரண்டு மாதமும் பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ரொம்ப நன்னா இருக்கு," என்பார். பிறகு, "தீபாவளியோட போதும்," என்பார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, லிடியா முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூர்த்தி சார், ஒண்ணு கேக்கட்டா? கதையில உங்களுக்குப் பயப்படப் பிடிக்குமா, அழப் பிடிக்குமா?"

"இந்த வயசுல ரெண்டும் வேண்டாம்மா. யார் மேலயாவது கோவப்படணும் போல இருக்கு."

"அச்சா. அப்ப உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

இரத்த அழுத்தக் கருவிகள் இருக்கும் இரும்பு அலமாரியிலிருந்து கையடக்கமான ஒரு நூலைக் கொண்டுவந்தார். ஜப்பானியச் சித்திரக்கதை, மாங்கா என்கிறார்கள். ஜெனி படித்து முடித்து வீட்டில் போட்டிருந்ததாம். ஆங்கிலத்தில் பதினொரு பாகம். 'அளந்த காற்று' என்று தலைப்பைத் தமிழாக்கிச் சொன்னார்.

"ஒரு ஊரு சார். அங்க காத்தை அளந்து விக்கான். ஒவ்வொருத்தன் முதுகுலயும் ஒரு குழாய், மறுமுனை செவத்துல. குழாய் எம்புட்டு நீளமோ அம்புட்டுத்தான் அவனுக்கு உலகம். பணக்காரனுக்கு நீளக் குழாய். குழாய் ரிப்பேர் பண்ணுத பொண்ணு ஒருத்தி காணாமப் போன அண்ணனைத் தேடுதா. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

தட்சிணாமூர்த்தி தம் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாயைப் பார்த்தார். "நவம்பர் மாசத்து தில்லி மாதிரி இருக்கே," என்றார்.

"வலப்பக்கத்துல இருந்து தொடங்கணும். மொதப் பத்துப் பக்கம் ஒண்ணும் வெளங்காது, படத்தை மட்டும் பாருங்க. பிடிக்கலன்னா மூடி வச்சிருங்க. ஆனா வீட்டுக்குக் குடுக்க மாட்டேன். இங்க உக்காந்துதான் படிக்கணும், ஒரு தடவைக்கு ஒரு புஸ்தகம்."

எனக்கு உள்ளூர நகைப்பு. ஒரு நூலைத் தொடங்குமுன் ஆசிரியர் யார், காலம் எது, யாப்பு எது, கேட்போர் யார், பயன் என்ன என்று பாயிரம் சொல்வதற்கே நான் மூன்று நாள் எடுத்துக்கொள்பவன். இவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது தட்சிணாமூர்த்தி எனக்கு முன்பே வந்து நாற்காலியில் இருந்தார். "ரெண்டாவது எடும்மா, ஜல்தி," என்று லிடியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். "இன்னிக்கு வேண்டாம் புலவரே. அந்தக் குழாய்ப் பொண்ணு சிறைக்குள்ள மாட்டிண்டிருக்கா," என்றார்.

மூன்றாவது நாற்காலியில் இருந்த ஆட்டோக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. லிடியா அவருக்கு முதல் பாகத்தைப் படம் படமாக இந்தியில் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆட்டோக்காரரும் தட்சிணாமூர்த்தியும், கதையில் வரும் வாயிற்காவலன் துரோகியா இல்லையா என்று அறைக்குக் குறுக்கே இந்தியில் வாதாடினார்கள். ஈராண்டில் என் பாட்டைப் பற்றி அவர் ஒருமுறைகூட வாதாடியதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் அவர் கட்டைவிரலால் புரட்டும் ஓசை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. என் பொறாமைக்கு நான் கவலை என்று பெயரிட்டுக்கொண்டேன். கண் கெடுமே, நல்ல பொழுது வீணாகுமே என்றெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் பாகத்துக்கும் ஆறாம் பாகத்துக்கும் இடையில் தீபாவளி வந்து போனது. அவர் அதைக் குறிப்பிடவே இல்லை. நண்பர் பிழைத்தார் என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் பாடிய வாயால் ஆகாதது ஒரு பொம்மைப் புத்தகத்தால் ஆயிற்றே என்று வெந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை லிடியாவுக்கு விடுப்பு. ஜலஜா என்ற மற்றொரு செவிலியரிடம் பதினோராம் பாகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். திரையையும் இழுத்து விடச் சொன்னேன். பாயிரம் கேளாமல் நூலைத் தொடாத நான், முடிவை மட்டும் திருட்டுத்தனமாகப் படித்தேன்.

ஊசிகளை எடுத்தபின் தட்சிணாமூர்த்தி கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே கேட்டார்: "இன்னும் அஞ்சு பாக்கி. அண்ணனைக் கண்டுபிடிச்சுடுவாளோ?"

"மாட்டாள். அண்ணன் முதல் புத்தகம் தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனவன். கடைசியில்தான் அது தெரிகிறது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஆறாம் பாகத்தை மேசையில் வைத்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது. லிடியா அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மருமகள் அம்பிகா அழுதாளாம். மாமனாரின் கால் வீங்கிவிட்டது, மூச்சு வாங்குகிறது, தீபாவளி முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறார் என்றாளாம்.

லிடியா என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க அவருகிட்ட ஏதும் சொன்னீயளா?"

சொன்னேன். சொன்னதைச் சொன்னேன்.

என் இயந்திரத்தில் ஏதோ ஓர் எண்ணைச் சரிபார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "எனக்கும் அந்த அண்ணன் செத்தது தெரியும்லா. இதுவரைக்கும் ஒம்பது பேருக்குக் குடுத்திருக்கேன் ஐயா. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு," என்றார். அவ்வளவுதான். வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தொலைபேசியை என் வலக்கையில் வைத்தார். "நான் கூப்பிட்டா நர்ஸ் கூப்பிடுதான்னு கண்டுக்காம இருப்பாவ. நீங்க கூப்பிடுங்க."

மணி நெடுநேரம் அடித்தது. "என்ன புலவரே, அடுத்து யார் சாவான்னு சொல்லக் கூப்பிட்டீரா?" என்றது இளைத்த குரல்.

"மூர்த்தி சார், கோயில் மண்டபத்துல வருஷா வருஷம் கதை கேக்கறோம். யார் ஜெயிப்பான், யார் சாவான்னு தெரியாமலா போய் உக்காந்தோம்?"

"அது புண்ணியத்துக்கு."

உண்மையைச் சொன்னேன். "அண்ணன் செத்தது தெரிஞ்சப்புறமும் அந்தப் பொண்ணு கருவியைத் தூக்கிக்கிட்டு அடுத்த குழாயைச் சரிபண்ணப் போறா. ஏன் போறான்னு எனக்குப் புரியல. காரணம் நடுவுல எங்கேயோ இருக்கு. நான் கடைசியை மட்டும்தான் படிச்சேன். நீங்க படிச்சுத்தான் எனக்குச் சொல்லணும்."

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"பொம்மைப் புஸ்தகத்துக்கா நீர் சிபாரிசு பண்றீர்?"

"ஆமாம்."

"ஆமாம்னா? வாயைத் திறந்து சொல்லும்."

அறையில் அனைவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லிடியா மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்ல புத்தகம், மூர்த்தி சார். வந்து படிங்க," என்றேன்.

மாலை ஆறு மணிக்கு மகன் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். என் முறை முடிந்தும் நான் நடையில் காத்திருந்தேன். லிடியாவும் பணி நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. உடம்பில் ஐந்து கிலோ நீர் ஏறியிருந்தது. ஊசி குத்தும்போது தட்சிணாமூர்த்தி, "ஏழாவது எங்கே?" என்று லிடியாவைத்தான் கேட்டார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் சொல்லைக் கேட்டுத்தானே வந்தார் என்று அப்போதும் நெஞ்சு கணக்குப் பார்த்தது.

ஒன்பதாம் பாகம் படித்த அன்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "காரணம் தெரிஞ்சுடுத்து. ஆனா உமக்குச் சொல்ல மாட்டேன். முதல்லேருந்து படியும்."

இப்போது அவர் லிடியா தந்த வேறொரு தொடரில் மூழ்கிக் கிடக்கிறார். நான் 'அளந்த காற்று' நான்காம் பாகத்தில் இருக்கிறேன். ஐந்தாம் பாகத்தை வீட்டுக்குக் கேட்டுப் பார்த்தேன், லிடியா தரவில்லை. என் பதிகம் அந்த மனிதரை மீண்டும் அழைத்து வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் பாதிப் பக்கத்தில் வந்து கண்ணை மறைக்கிறது. துடைத்துக்கொண்டு படிக்கிறேன்.

லிடியா தொழும் தெய்வம் வேறு, நான் பாடும் தெய்வம் வேறு. ஆயினும் வாழ்த்த எனக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான். அந்த மூன்றாம் மாடி மனை செழித்து ஓங்குக. எபினேசரின் குரல் வகுப்பறையில் தளராது ஒலிக்க. ஜெனி விரும்பியதெல்லாம் கற்றுத் தேர்க. பிறர் நோயருகே நாளெல்லாம் நிற்கும் அவர் வீட்டுப் படியை நோய் ஏறாதிருக்க. அங்கே உலை என்றும் கொதிக்க, விளக்கு என்றும் எரிக, வந்தவர் எல்லாரும் வயிறு குளிர்ந்து திரும்புக.