நடந்து போன சொப்பிங் பேக்

பறவைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று வீட்டில் என்னைப் பற்றி நானே பரப்பி வைத்திருந்தேன். உண்மையில் பூநாரையை நேரில் கண்டதே இல்லை. கண்டக்குழிப் பக்கம் கடலோரக் களப்பு நீரில் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தூரத்தில், ஒற்றைக் காலில், இளஞ்சிவப்பாக ஒன்று நின்றது.

"நிறத்தப் பாரு, நிக்கிற விதத்தப் பாரு. பூநாரைதான். கொஞ்சம் பொறு, தாரா வாத்து மாதிரிக் கத்தும்."

வெயில் மண்டையைப் பிளந்தது. அது கத்தவில்லை, அசையவுமில்லை. தோணியில் வந்த அவளுடைய தம்பி நஸீர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், அது என்ட வலைக்கம்பு. தோணி மோதாம ரோஸ் சொப்பிங் பேக் கட்டியிருக்கன்."

எரிச்சலோடு ஹெல்மெட்டை மாட்டினேன்.

"இஞ்ச பாருங்க, அங்கால இன்னொண்டு நிக்குது" என்றாள் மனைவி.

"அதுவும் உன்ட தம்பிட பேக்தான். ஏறு!" என்று எஞ்சினை உதைத்து முறுக்கினேன்.

"பேக் நடக்குதே!"

ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்புவதற்குள் அக்காவும் தம்பியும் வாயைப் பிளந்து, அது பறந்துபோன வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது வெறும் வெயில்தான்.

"எப்படிக் கத்திச்சு?" என்று கேட்டேன்.

"உங்கட மோட்டார் சைக்கிள் சத்தத்தில எங்க கேக்கிற?"

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பூநாரையைப் பற்றி விளக்குவது அவள்தான். தெரிந்தவன் மாதிரி முதுகைக் காட்டிய நான், பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.